ராக்கமின் மூலப்படமா, கையெழுத்திட்ட நூலா, அம்புலிமாமா ஓவியமா? தேவதைக் கதை ஓவியம் சேர்க்க நினைக்கும் பெங்களூர்க்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆர்தர் ராக்கம், தேவதைக் கதை நூல்களுக்குப் படம் வரைந்த ஆங்கில ஓவியர். 'ஒரிஜினல் ஆர்தர் ராக்கம்' என்று இணையத்தில் தேடினால் நாலாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. லண்டன் ஏலத்தில் முப்பது, நாற்பது லட்சத்துக்கும் போகிறது. இரண்டிலும் அதே முறுக்கிய மரம், அதே குள்ளர்கள், மூலையில் அதே கையெழுத்து. நாலாயிரத்துக்கு வருவது நூறு வருஷத்துக்கு முன் அச்சான ஒரு புத்தகத்திலிருந்து உருவிய தாள். நாற்பது லட்சத்துக்குப் போவது அந்த அச்சுக்காக அவர் கையால் வரைந்த நீர்வண்ணம். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் சில படிகள் இருக்கின்றன. கையில் மூன்று, நான்கு லட்சம் வைத்துக்கொண்டு எந்தப் படியில் நிற்பது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

இங்கே எடுத்துக்கொள்வது நான்கு வழிகள். வெளிநாட்டு ஏலத்தில் மூல ஓவியம். ஓவியர் கையெழுத்திட்ட வரையறுத்த பதிப்பு நூல். நூலிலிருந்து பிரித்த தனித்தாள். நம் ஊர்ச் சிறுவர் பத்திரிகை ஓவியர்களின் மூலப்படம்.

எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: ஓவியரின் கை அந்தத் தாளில் பட்டதா? இதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்கள். 'விண்டேஜ்', 'மியூசியம் குவாலிட்டி', 'ஒரிஜினல் பிரிண்ட்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பதில் இல்லை என்பதுதான்.

இரண்டாவது, வீட்டு வாசல் வரை ஆகும் மொத்தச் செலவு. ஏலத்தில் சுத்தியல் விழும் விலை அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அவ்வளவுதான். மூன்றாவது, பெங்களூரில் உட்கார்ந்தபடி அது அசலா என்று எவ்வளவு தூரம் சோதிக்க முடியும். நான்காவது, நம் வீட்டு வெளிச்சத்தையும் மழைக்கால ஈரத்தையும் அது தாங்குமா. ஐந்தாவது, நாளைக்கு விற்க வேண்டி வந்தால் யாரிடம் விற்பது. கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. முதல் கேள்விக்கு இணையாக அதையும் வைக்க வேண்டும். சட்டம் அங்கேதான் குறுக்கே வருகிறது.

| | மூல ஓவியம் | கையெழுத்திட்ட பதிப்பு | தனித்தாள் | பத்திரிகை மூலம் |
|---|---|---|---|---|
| ஓவியர் கை பட்டதா | ஆம் | கையெழுத்து மட்டும் | இல்லை | ஆம் |
| நுழைவு விலை | சில நூறு பவுண்டு முதல் லட்சம் பவுண்டு வரை | பெரும்பாலும் நாலு இலக்கப் பவுண்டு | பத்து முதல் ஐம்பது பவுண்டு | பேசி முடிவாகும் |
| மறைசெலவு | மிக அதிகம் | நடுத்தரம் | ஃப்ரேம் செலவே விலையை மிஞ்சும் | உரிமைச் சிக்கல் |
| தொலைவிலிருந்து சோதனை | கடினம் | எளிது | எளிது | நேரில் பார்க்கலாம் |
| பெரிய எதிரி | வெளிச்சம் | ஈரம் | போலி மறுபதிப்பு | அமிலத் தாள் |
| திரும்ப விற்க | நூறு வயது தாண்டினால் நாட்டுக்குள் மட்டும் | நாட்டுக்குள் ஓரளவு எளிது | வாங்கிய விலை கிடைப்பதே அபூர்வம் | சந்தை சிறியது |

மூல ஓவியம்

எல்லாருக்கும் மூலம் என்ற ஒன்று இருப்பதில்லை. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே 1862-ல் பெரோவின் தேவதைக் கதைகளுக்குச் செய்த படங்கள் மரச்செதுக்கு அச்சு. அந்த முறையில் ஓவியர் மரக்கட்டையின் மீதே வரைவார். செதுக்குபவர் அந்தக் கோட்டை வெட்டும்போதே ஓவியம் அழிந்துபோகும். அதனால் 'டோரேயின் மூலப் பேனாப் படம், சிவப்புத் தொப்பிச் சிறுமி' என்று யாராவது விற்றால் முதல் வேலையாகச் சந்தேகப்படுங்கள். புகைப்பட முறையில் அச்சுக்கட்டை செய்யத் தொடங்கிய பிறகுதான் ஓவியம் பிழைத்து ஓவியரிடம் திரும்பியது. நாம் தேடும் மூலங்களில் பெரும்பாலானவை 1890-க்குப் பிறகு வந்தவையாக இருப்பது இதனால்தான்.

சந்தையில் எது வரும் என்பதற்கும் காரணம் உண்டு. லண்டனின் லெஸ்டர் கேலரிஸ், புத்தகம் வெளிவரும் சமயத்தில் ராக்கமின் மூலங்களைக் கண்காட்சியாக வைத்து விற்றது. அதே காலத்து நூல் ஓவியர் எட்மண்ட் டுலாக் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், படங்களைத் தானே வரையச் சொல்லி, நூலாக்கும் உரிமையைப் பதிப்பகத்துக்கு விற்றது. அப்படித் தனியார் வீடுகளுக்குப் போன படங்கள்தான் தலைமுறை மாறும்போது ஏலத்துக்கு வருகின்றன. இவான் பிலிபினின் ரஷ்யக் கதை ஓவியங்களில் பெரும்பகுதி அந்நாட்டு அருங்காட்சியகங்களில் தங்கிவிட்டது. அவருக்காகக் காத்திருப்பது வீண். டென்மார்க் ஓவியர் கே நீல்சனின் படங்கள் எப்போதாவது வரும், வந்தால் நம் தொகைக்கு எட்டாது.

மூன்று, நான்கு லட்சத்துக்கு ராக்கமின் முழு வண்ணப்படம் கிடைக்காது. சிறிய மைக்கோட்டுப் படம், அத்தியாயத் தலைப்பில் வரும் ஒரு துண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் அகப்படும். அதற்குப் பதில் ஹெச்.ஜே. ஃபோர்டைப் பாருங்கள். ஆண்ட்ரூ லாங் 1889 முதல் 1910 வரை தொகுத்த பன்னிரண்டு 'வண்ண' தேவதைக் கதை நூல்களுக்கு நூற்றுக்கணக்கில் மைப்படங்கள் வரைந்தவர். வேலைத்திறனில் குறை சொல்ல முடியாது; ராக்கம் அளவுக்குப் பெயர் ஒலிக்காததால் விலை பல மடங்கு குறைவு. இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் இரண்டு பேர். ஜோசப் ஜேக்கப்ஸின் 1892 இந்திய தேவதைக் கதை நூலுக்கு வரைந்த ஜான் பேட்டன். லால் பிஹாரி தேயின் வங்க நாட்டுப்புறக் கதைகளுக்கு 1912-ல் 32 வண்ணப்படங்கள் போட்ட வார்விக் கோபிள்.

கோபிள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அவர் படங்களில் மைக்கோடு மிகக் குறைவு, எல்லாமே மெல்லிய நீர்வண்ணம். வெளிச்சத்தில் நிறம் வெளுத்துவிட்டால் அங்கே பார்க்க ஒன்றுமிருக்காது. ராக்கம் படத்தில் நிறம் போனாலும் மைக்கோடு எலும்புக்கூடாக நிற்கும். ஒரே அளவு வெளுத்த இரண்டு படங்களுக்கு ஒரே தள்ளுபடி கேட்பது தவறு.

*மொத்தச் செலவு.* லண்டனில் 4,000 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரிடம் ஏல நிறுவனம் வசூலிக்கும் கட்டணமான பையர்ஸ் பிரீமியம் 26 சதவீதம் என்றால் 1,040. பேக்கிங், காப்பீடு, விமானச் செலவு 250. இதோடு 5,290. சுங்கவரி இந்த முழுத் தொகைக்கும்தான், ஓவியத்தின் விலைக்கு மட்டும் இல்லை. அடிப்படை வரி 10 சதவீதம் என்று எடுத்தால் 529. அந்த வரியின் மீது பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி 53. எல்லாவற்றின் மீதும் இறக்குமதிக்கான ஜிஎஸ்டி (ஐஜிஎஸ்டி) 5 சதவீதம், சுமார் 294. கடைசிக் கணக்கு 6,165 பவுண்டு சொச்சம். சுத்தியல் விலைக்கு மேல் 54 சதவீதம். ரூபாயில் ஏழு லட்சத்தைத் தொட்டுவிடும். ஆக, மூன்றரை லட்சம் வைத்திருப்பவர் ஏலத்தில் கை தூக்க வேண்டிய உச்சவரம்பு ஏறக்குறைய 1,800 பவுண்டு. இதை ஏலத்துக்கு முந்தின இரவே ஒரு தாளில் எழுதிவைத்துவிடுங்கள்.

கலைப்பொருள்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய கட்டுரைகளைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். சுங்க விகிதம் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியது. சுங்க முகவரிடம் வகைப்பாட்டையும் விகிதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு ஏலத்தில் இறங்குங்கள். கையால் வரைந்த ஓவியம் சுங்கப் பட்டியலில் 9701 என்ற தலைப்பில் வரும். நூறு வயது தாண்டியிருந்தாலும் அது 9701-தான். அனுப்புபவர் பழம்பொருளுக்கான 9706-ஐ எழுதிவிட்டால் சரக்கு கெம்பேகௌடா விமான நிலையச் சரக்ககத்தில் கேள்வியோடு உட்கார்ந்துவிடும், கிடங்கு வாடகை நாள்தோறும் ஏறும்.

பணம் அனுப்புவதற்கு ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் கலைப்பொருள் வாங்க இடமுண்டு. ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு. ஆண்டில் மொத்தம் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 சதவீத டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கும். வருமான வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் மாதக்கணக்கில் பணம் முடங்கும். நீல்சன் 1957-ல் இறந்தவர் என்பதால் அவர் படங்களுக்கு லண்டனில் ஓவியர் மறுவிற்பனை உரிமைத்தொகை 4 சதவீதம் வரை 2027 முடியும்வரை சேரும். 1939-ல் இறந்த ராக்கமுக்கும் 1953-ல் இறந்த டுலாக்குக்கும் அது முடிந்துவிட்டது.

*சோதனை.* ஏல நிறுவனத்திடம் நிலை அறிக்கை கேட்டால் இலவசமாகத் தருவார்கள். அதோடு நிறுத்தாமல் நான்கு புகைப்படங்கள் கேளுங்கள்: ஃப்ரேமை விட்டு எடுத்த முழுத் தாள், பின்பக்கம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, மவுண்ட்டுக்கு (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைக்கு) அடியில் மறைந்திருந்த ஓரம். அந்த ஓரத்து நிறத்தையும் நடுப்பகுதியையும் ஒப்பிட்டால் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பக்கவாட்டு வெளிச்சம் வெள்ளை கௌவாஷ் (ஒளி புகாத கெட்டியான நீர்வண்ணம்) உரிவதைக் காட்டும். அச்சுக்குப் போன அசலில் வழக்கமாக இருப்பவை: அடியில் பென்சில் கோடு, திருத்தத்துக்குப் பூசிய வெள்ளை, ஓரத்தில் அச்சகத்தார் குறித்த அளவுக் குறுக்கல், பின்னால் காட்சியக லேபிள். கொஞ்சம்கூட அழுக்கோ குறிப்போ இல்லாத சுத்தமான படம் என்றால் கவலைப்பட வேண்டும். பட்டியலில் ஓவியர் பெயருக்கு முன்னால் 'ஆஃப்டர்' என்று இருந்தால் அவர் படத்தைப் பார்த்து வேறொருவர் செய்தது. 'அட்ரிப்யூட்டட் டு' என்றால் நிறுவனம் முழுப் பொறுப்பு ஏற்கவில்லை.

இன்னொன்று, வாங்கிய பிறகு செய்கிற தப்பு. ராக்கம் படம் முழுதும் ஒரு பழுப்பு மஞ்சள் வண்ணத்தை மெல்லியதாகப் பூசுவார். தாள் பழுத்துவிட்டது என்று நினைத்து அதை 'கிளீன்' செய்யக் கொடுத்தால், ஓவியர் பூசியதே கழுவிப் போய்விடும்.

*திரும்ப விற்பது.* 1972-ன் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்த ஓவியம் தொல்பொருள். தனியார் அதை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய முடியாது. 1909-ல் வரைந்த படம் பெங்களூருக்குள் வந்துவிட்டால் மறுபடி லண்டன் ஏலத்துக்குப் போகாது. 1920-களின் படங்களும் ஒவ்வொன்றாக இந்த வரம்பைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. உள்நாட்டில் ராக்கம் வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலீடு என்று நினைத்து இந்த வழியில் இறங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அடுத்த தலைமுறையும் வீட்டில் வைத்துப் பார்க்கட்டும் என்று வாங்குபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

கையெழுத்திட்ட வரையறுத்த பதிப்பு

சாதாரணப் பதிப்போடு கூடவே, ஓவியர் கையெழுத்திட்டு எண்ணிட்ட சிறப்புப் பதிப்பு ஒன்றும் அந்தக் காலத்தில் வரும். வெல்லம் எனப்படும் கன்றுத்தோல் அட்டை, பட்டு நாடா, பெரிய தாள். 1906-ல் வந்த ராக்கமின் 'பீட்டர் பான் இன் கென்சிங்டன் கார்டன்ஸ்' சிறப்புப் பதிப்பு 500 பிரதி. 1909 கிரிம் கதைகள் 750. நீல்சனின் 1914 'ஈஸ்ட் ஆஃப் தி சன்' 500. பிரதி எண்ணிக்கை தெரிந்திருப்பதால் விலை பற்றிக் குழப்பம் குறைவு.

எங்கள் கருத்தில் மூன்று, நான்கு லட்சத்துக்கு நிம்மதியான தேர்வு இதுதான். கை பட்டது கையெழுத்து மட்டும்தான் என்றாலும், ஓவியர் பார்த்து ஒப்புக்கொண்ட அச்சு நாற்பது, ஐம்பது படங்களாக ஒரே இடத்தில் கிடைக்கிறது. நீர்வண்ணத்தைச் சுவரில் மாட்டினால் வெளுக்கும். நூல் மூடியிருக்கும்போது வெளிச்சமே படாது.

வாங்குமுன் செய்ய வேண்டியது எளிமையான வேலை, ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டும். படப் பட்டியலை வைத்து ஒவ்வொரு படத்தையும் எண்ணுங்கள். கிரிம் என்றால் 40 வண்ணப்படம். அவை பக்கத்தில் தனியாக ஒட்டப்பட்டவை, மேல்விளிம்பில் மட்டும் பசை. ஒன்று உதிர்ந்து காணாமல் போயிருந்தாலும் விலை பாதியாகச் சரியும். படத்தின் மேல் மூடியிருக்கும், தலைப்பு அச்சிட்ட மெல்லிய தாள் எங்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு பிரதியிலிருந்து படத்தை ஒட்டி நிரப்பியிருந்தால் அங்கேதான் மாட்டும். எண்ணும் கையெழுத்தும் உள்ள பக்கத்தைத் தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்துக்குள்ளேயே அச்சாகியிருக்கும் கையெழுத்தைக் காட்டி 'சைன்டு' என்று சாதாரணப் பிரதியை விற்கிறவர்கள் உண்டு. பட்டு நாடா அறுந்துபோயிருப்பது சகஜம். அதற்காகப் பெரிதாக விலை குறைக்கச் சொல்ல முடியாது.

மறைசெலவு கன்றுத்தோலில் இருக்கிறது. ஈரம் ஏறி இறங்கும்போது அது வளைந்து அட்டை வாயைப் பிளக்கும். ஜூனில் நனைந்து மார்ச்சில் காயும் பெங்களூர் அலமாரியில் இரண்டே வருஷத்தில் இது தெரிய ஆரம்பிக்கும். அளவெடுத்துச் செய்த அமிலமற்ற அட்டைப்பெட்டி ஒன்று கட்டாயம், அதுவும் அழுத்தமாக மூடுவதாக. உள்ளே தோலைத் தொடாமல் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரமானி.

கையெழுத்து வேண்டாம், படங்கள் போதும் என்பவருக்கு அதே ஆண்டின் சாதாரணப் பதிப்பு முழுமையாக, பழைய துணி அட்டையோடு, சில நூறு பவுண்டில் முடியும். சர்ச் தெருவிலும் அவென்யூ ரோட்டிலும் பழைய புத்தகக் கடைகளில் தேடுவதில் தவறில்லை. ஆனால் அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி 1970-க்குப் பிந்திய மறுபதிப்பு.

உருவிய தனித்தாள்

இதற்கு நீட்டி எழுத ஒன்றுமில்லை. நூலைப் பிய்த்து நாற்பது தாளாக விற்றால் முழு நூலை விட அதிகம் கிடைக்கும் என்பதால் நடக்கும் வியாபாரம். நல்ல நூல்கள் ஆண்டுதோறும் இப்படித்தான் குறைகின்றன. அட்டை போன, ஏற்கெனவே படங்கள் குறைந்த பிரதியிலிருந்து வந்தவை என்றால் மனசாட்சி உறுத்தாமல் வாங்கலாம்.

சோதனைக்கு இரண்டு சாமான்கள் போதும். நகைத் தொழிலாளர் வைத்திருக்கும் 10 மடங்கு உருப்பெருக்கியான லூப், சிக்பேட்டைப் பக்கம் எளிதாகக் கிடைக்கும்; 365 நானோமீட்டர் யூவி டார்ச். லூப்பில் வரிசையான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் ஹாஃப்டோன் அச்சு, காலத்துக்குப் பொருந்தும். ஒழுங்கில்லாத தூறலாகத் தெரிந்தால் இங்க்ஜெட், அதாவது போன வாரம் அடித்தது. இருட்டறையில் யூவி அடிக்கும்போது தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் ஒளியூட்டி ரசாயனம் இருக்கிறது. 1950-க்கு முந்தைய தாள் அப்படி ஒளிராது. இரண்டாவது சோதனையில்தான் 1970-80களின் அழகான மறுபதிப்புகள் சிக்கும், ஏனென்றால் அவற்றிலும் புள்ளி வரிசையாகவே இருக்கும்.

குழந்தைகள் அறைக்கு ஒரு படம், பிறந்தநாள் பரிசு, இந்த ஓவியர் பாணி நமக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி: இவற்றுக்குத் தனித்தாள் சரி. ஆயிரம் ரூபாய்த் தாளுக்கு நாலாயிரம் ரூபாய் ஃப்ரேம் போடும் நிலை வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இறக்குமதிப் படிவத்தில் இதை 'ஒரிஜினல் ஆர்ட்வொர்க்' என்று எழுத விடாதீர்கள். இது அச்சுப்படம், சுங்கத் தலைப்பு 4911.

நம் பத்திரிகை ஓவியர்களின் மூலம்

அல்சூரிலோ ஜெயநகரிலோ வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு மாயமந்திரக் கதைக்குள் போன வாசல் ராக்கம் அல்ல. தோளில் பிணத்தோடு வாளேந்தி நடக்கும் விக்கிரமன். 1947 ஜூலையில் சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமாவுக்கு அந்தப் படத்தைத் தந்தவர் சங்கர், கே.சி. சிவசங்கரன். 1924-ல் பிறந்து 2020-ல் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சித்ரா, வடாதி பாபையா, எம்.டி.வி. ஆச்சார்யா என்று அதே பத்திரிகையின் வரிசை நீளம். இவர்கள் வரைந்ததும் தேவதைக் கதைதான். மேல்நாட்டுச் சந்தைக்குத் தெரியாததால் விலை அங்கே போகவில்லை.

மும்பையின் அமர் சித்திரக் கதையும் இந்தப் பட்டியலில் வரும். ராம் வாயீர்கர், பிரதாப் முளீக் போன்றோரின் மைப்பலகைகள் சேகரிப்பாளர்களிடம் மதிப்புள்ளவை. ஒரு சின்னத் தகவல், சேகரிப்பாளர்களுக்கு உதவும்: இந்த வரிசையின் இந்தியக் கதைகள் பதினோராவது எண்ணான 'கிருஷ்ணா'விலிருந்துதான் தொடங்குகின்றன. முதல் பத்து, பெங்களூரில் கன்னடத்தில் போட்ட சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட் வகை மேல்நாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்பு. அவற்றுக்கு இந்திய ஓவியரின் மூலப்படம் இருக்க வழியில்லை. அப்படி ஒன்று விற்பனைக்கு வந்தால் விலகிப் போய்விடுங்கள்.

இந்த வழியில் உள்ள பெரிய வசதி, நேரில் போய்த் தொட்டுப் பார்க்கலாம். சுங்கம் இல்லை, டாலர் இல்லை, நூறு வயதும் ஆகவில்லை. இந்திய ஏல நிறுவனம் வழியாக வாங்கினால் படத்தின் மீது 5 சதவீதமும் நிறுவனத்தின் கட்டணத்தின் மீது 18 சதவீதமும் ஜிஎஸ்டி, அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில். பத்திரிகைக்காக வரைந்த படம் பெரும்பாலும் அலுவலகத்திலேயே தங்கிவிடும். அம்புலிமாமா நிறுவனம் 2007-ல் கை மாறி, பிறகு பத்திரிகையும் நின்றுபோனது. அலுவலகங்கள் இடம் மாறும்போது படங்கள் பழைய பேப்பர்க்காரர் வரை போவதுண்டு. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'அசலா' என்பதல்ல, 'உங்களிடம் எப்படி வந்தது' என்பது. ஓவியரின் குடும்பத்திடமிருந்து என்றால் ஒரு வரி எழுத்தில் வாங்குங்கள். விற்பனைக் கடிதத்தில் படத்தின் அளவு, எந்த இதழ், எந்தக் கதை, விற்பவருக்கு அதில் உரிமை உண்டு என்ற உறுதிமொழி, இரண்டு பக்கத்தின் புகைப்படம் எல்லாம் இருக்கட்டும். தாள் உங்களுடையதானாலும் காப்புரிமை உங்களுடையது ஆகாது. அச்சிட்டு அட்டை போட்டு விற்க முடியாது. இந்தியாவில் ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை நிற்கும். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு கேட்கக் காப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவு இடம் தருகிறது. உச்சம் 10 சதவீதம்.

அசலா என்று பார்க்க அந்த இதழையே வாங்கிப் பக்கத்தில் வைப்பதுதான் சிறந்த வழி, பழைய இதழ் சில நூறு ரூபாய்தான். மூலம் அச்சை விடப் பெரிதாக இருக்க வேண்டும். கோட்டின் அழுத்தம், தூரிகை திரும்பும் இடம், சீர்செய்த வெள்ளைப் பூச்சு ஆகியவை அச்சில் மறைந்து மூலத்தில் தெரிய வேண்டும். கோடுகள் அச்சோடு இம்மி பிசகாமல் பொருந்தி, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் அடியில் விளக்குள்ள லைட்பாக்ஸில் அச்சை வைத்து, மேலே தாள் போட்டு இழுத்தது. படக்கதைப் பக்கங்களில் மூலம் பெரும்பாலும் கறுப்பு மைக்கோடு மட்டும்; வண்ணம் அச்சுக்கான தனிப் படியில் சேர்க்கப்படும். முழு வண்ணத்தில் கிடைத்தால் அது அட்டைப்படமா அல்லது பிற்காலத்தில் ரசிகர் கேட்டு வரைந்த மறுபிரதியா என்று கேளுங்கள். மறுபிரதியிலும் ஓவியரின் கைதான், மதிப்பு உண்டு. ஆனால் இதழில் வந்த படத்தின் விலையைக் கொடுக்கக் கூடாது.

தாள்தான் பலவீனம். அக்காலத்து மலிவான அட்டை அமிலம் நிறைந்தது. ஓரம் பழுத்து நொறுங்கும், போஸ்டர் கலர் தூளாக உதிரும். விலையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு எடுத்து வைத்துவிட்டே பேரம் பேசுங்கள். பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் பெங்களூர் கலைப் பாதுகாப்பு மையம் போன்ற இடத்தில் காட்டாமல் தெருமுனை ஃப்ரேம் கடையில் லேமினேட் செய்வது, படத்தை நீங்களே கொல்வதற்குச் சமம்.

பெங்களூர் வீட்டில்

நம் ஊர் மும்பை போல ஆண்டு முழுதும் வியர்ப்பதில்லை என்பது உண்மை. அதை நம்பி அலட்சியமாக இருப்பவர்கள் ஆகஸ்டில் பூஞ்சையைப் பார்ப்பார்கள். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உள்சுவரிலும் ஃப்ரேமின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள், காற்று ஓடட்டும்.

ஃப்ரேம் கடையில் சொல்ல வேண்டியவை: நாலு அடுக்குப் பருத்தி மவுண்ட் போர்டு, ஜப்பானியக் காகிதக் கீல், கோதுமை மாவுப் பசை, கண்ணாடிக்குப் பதில் யூவி தடுக்கும் அக்ரிலிக், படம் அதைத் தொடாமல் இடைவெளி. ஃபெவிகால், செலோடேப், இருபக்க டேப், எம்டிஎஃப் பின்பலகை எதுவும் கூடாது. கௌவாஷ் உரியும் படத்துக்கும் உதிரும் போஸ்டர் கலருக்கும் அக்ரிலிக் வேண்டாம், அதன் நிலைமின்சாரம் தூளை இழுக்கும். அங்கே யூவி கண்ணாடி. நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வரம்பு. ஜன்னலோரக் கூடத்தில் பகலில் இதைப் போல் பல மடங்கு இருக்கும். வருஷத்தில் மூன்று மாதம் மாட்டி, மற்ற நேரம் பெட்டியில் படுக்கையாக வைப்பது நல்ல பழக்கம்.

யாருக்கு எது

ஒரு லட்சத்துக்குள் என்றால் முழுமையான சாதாரணப் பதிப்பு நூல், அல்லது பத்திரிகை ஓவியரின் ஒரு மைப்படம். தனித்தாள்களைச் சேர்த்துச் சேர்த்து அதே தொகையைச் செலவழிக்க வேண்டாம்.

மூன்று, நான்கு லட்சம், வீட்டில் சின்னக் குழந்தைகள், வெளிச்சம் நிறைந்த அடுக்குமாடி: கையெழுத்திட்ட பதிப்பு. அதே தொகை, ஆனால் தூரிகை பட்ட தாள்தான் வேண்டும் என்ற பிடிவாதம்: ஃபோர்டு, பேட்டன் வகை மைப்படம், ஏலத்தில் 1,800 பவுண்டு உச்சவரம்போடு. மைக்கோடு நீர்வண்ணத்தை விட வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும் என்பது கூடுதல் வசதி.

பதினைந்து லட்சத்துக்கு மேல் உள்ளவர், பிற்காலத்தில் வெளிநாட்டில் குடியேறும் எண்ணமும் இருந்தால், மூல ஓவியத்தை இந்தியாவுக்குக் கொண்டுவராமல் அங்கேயே காப்பகத்தில் வைப்பதைப் பற்றி முதலில் வரி ஆலோசகரிடம் பேச வேண்டும். வெளிநாட்டுச் சொத்தாக அதை ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

விக்கிரமன் வேதாளம்தான் மனதில் நிற்கிறது என்றால் வேறெதற்கும் காத்திருக்க வேண்டாம். அந்தத் தலைமுறை ஓவியர்களின் குடும்பங்கள் வீடு மாறும், பழைய பீரோக்களைக் காலி செய்யும் காலம் இது. ஏல நிறுவனங்கள் இந்தப் பெயர்களுக்கு விலை கட்டத் தொடங்குமுன், கடிதத்தோடும் புகைப்படத்தோடும் முறையாக வாங்கியவர்களிடமே உரிமை பற்றிய தகராறு இல்லாத படங்கள் இருக்கும்.